பட்டுப்புழுவின் சேமிப்பு: பூச்சிகள் புரதச் சத்தைச் சேர்த்து வைத்துச் செலவிடும் விதம்

பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர் யாவரும் நேரிற் கண்ட விஷயம் ஒன்று உண்டு. ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் இலை தின்னும் வேகம் வீட்டாரை ஓய்வு கொள்ளவொட்டாமற் செய்யும். ஓலைக் கூரையின்மேல் மழை விழுவது போன்ற ஓசை இரவிலும் படுக்கைகளினின்று எழும். ஏழெட்டு நாள் நீடிக்கும் இப்பருவத்தில் ஒரு புழு உண்ணும் மல்பெரி இலை, அது பொரித்த நாள் முதல் உண்ணும் இலை முழுவதிலும் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாது. அதன்பின் ஒரு நாள் அது இலையைத் தொடாது. உடல் பழுத்துக் கண்ணாடி போல் ஒளிவிடும். தலையைத் தூக்கி அசைத்துக் கூடு கட்ட இடந்தேடும். அன்று தொட்டு அந்துப்பூச்சியாகி முட்டையிட்டு மடியும் வரையில் அதன் வாயில் ஒரு துணுக்கு ஆகாரமும் செல்வதில்லை. பட்டுப்பூச்சியின் வாயுறுப்புக்கள் உண்ணும் சக்தியை இழந்தவை.

உண்ணாத இந்தக் காலம் இரண்டு வாரத்திற்கும் மேற்பட்டது. இக்காலத்தில் அந்த ஜீவன் செய்து முடிக்கும் வேலையோ பெரிது. நல்ல இனமாயின் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள இழையை நூற்றுக் கூடு கட்டுகிறது. புழுவின் உருவம் அழிந்து, சிறகும் ஆறு நெடுங்கால்களும் கூட்டுக் கண்களும் கொண்ட வேறொரு சரீரம் உண்டாகிறது. பெண்ணாயின் சுமார் 400 முதல் 500 வரை முட்டைகள் உருவாகின்றன. இவ்வளவுக்கும் வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதே இங்கு விளக்கப்படும் விஷயம். பட்டு வளர்ப்போரின் ஆதாயமும், பயிரைப் பூச்சிக்குப் பறிகொடுக்கும் விவசாயியின் நஷ்டமும் இக்கேள்வியின் விடையோடு நெருங்கிய சம்பந்தமுடையன.

புரதம் என்பது யாது?

ஜீவராசிகளின் சரீரத்தைக் கட்டும் சரக்குப் புரதம் எனப்படும். மாவுச் சத்தும் கொழுப்பும் பெரும்பாலும் உடலுக்கு வேண்டிய உஷ்ணத்தையும் உழைக்கும் சக்தியையும் தருவன. தசை, தோல், சிறகு, முட்டையின் கரு ஆகியவற்றை ஆக்குவதற்குப் புரதம் இன்றியமையாதது. பட்டு நூலும் புரதமே. அதன் உள்ளிழை ஃபைப்ராயின் என்றும், அதன்மேற் பூசப்பட்ட பசை செரிசின் என்றும் கூறப்படும். கூட்டின் பட்டில் ஏறக்குறைய முக்காற்பங்கு ஃபைப்ராயினும் காற்பங்கு செரிசினும் உண்டு.

புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு சிறு கற்களால் கட்டப்பட்டவை. இக்கற்களில் சுமார் இருபது வகை உண்டு. பழைய வீட்டைப் பிரித்து, அதே செங்கற்களைக் கொண்டு வேறு அமைப்பில் புதுவீடு எழுப்புவது போல, புழுவானது இலையின் புரதத்தைத் தன் குடலிற் பிரித்து, கிடைத்த அமினோ அமிலங்களைக் கொண்டு தனக்கு வேண்டிய புரதத்தை அமைத்துக்கொள்ளுகிறது. மல்பெரி இலையை நன்றாக உலர்த்தி நிறுத்தால், எடையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகமாகப் புரதம் இருக்கும். முற்றிப் பழுத்த இலையில் இது குறைந்துவிடும். பொரிக்கும் சமயத்தில் அரை மில்லிகிராம் எடையும் இல்லாத புழு, நல்ல இனத்தில், ஒரு மாதத்திற்குள் 4 அல்லது 5 கிராம் எடையை அடைவது இந்த இலையாலேயே. அஃதாவது சுமார் 10,000 மடங்கு வளர்ச்சி.

புழுவினுள் இருக்கும் களஞ்சியம்

பட்டுப்புழுவை அறுத்துப் பரிசோதித்து அதன் உள்ளுறுப்புக்களை விவரமாக எழுதியவர் இத்தாலி தேசத்து மார்ச்செல்லோ மால்பிகி என்பவர். அவருடைய நூல் 1669-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. புழுவின் குடலைச் சுற்றிலும் தோலின் உட்புறத்திலும் வெண்மையான ஏடுகளாகவும் நாடாக்களாகவும் ஒரு திசு பரவியிருக்கும். இதற்குக் கொழுப்புறுப்பு என்று பெயர். பெயர் கொழுப்பைக் குறித்தாலும் அதன் வேலை கொழுப்பைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. மனித சரீரத்தில் கல்லீரல் செய்யும் வேலைகள் பலவற்றைப் பூச்சியின் சரீரத்தில் இது செய்கிறது. மாவுச் சத்து, கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றுக்கும் இதுவே களஞ்சியம்.

பூச்சியின் இரத்தம் குழாய்களுக்குள் அடைபட்டு ஓடுவதன்று. உடலின் உட்புழை முழுவதிலும் நிரம்பி எல்லா உறுப்புக்களையும் நனைத்துக்கொண்டிருக்கும். ஆகையால் களஞ்சியத்திற்கும் மற்ற உறுப்புக்களுக்கும் இடையே சரக்கைக் கொண்டு செல்லும் சாலையாக இரத்தமே அமைகிறது.

ஐந்தாம் பருவத்தில் கொழுப்புறுப்பு, குடல் அனுப்பும் அமினோ அமிலங்களைக் கொண்டு விசேஷமான சில புரதங்களை ஏராளமாகச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அந்தச் சமயத்தில் அப்புரதங்கள் தசையாவதில்லை, தோலாவதில்லை, நூலாவதுமில்லை. இரத்தத்திற் சேர்ந்துகொண்டே வருகின்றன. இவற்றிற்குச் சேமிப்புப் புரதங்கள் என்று பெயர். புழு கூடு கட்டி முடித்துக் கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில், முன்பு வெளியே விட்ட புரதத்தைக் கொழுப்புறுப்பே திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளுகிறது. அதன் உயிரணுக்களின் மேற்பரப்பில், இன்ன புரதத்தைத்தான் உள்ளே விடுவது என்று அடையாளங்கண்டு பிடிக்கும் வாங்கிகள் அப்பொழுது ஏற்படுகின்றன. உள்ளே சென்ற புரதம் நெருங்கிய மணிகளாகத் திரண்டு வைக்கப்படுகிறது. பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் இம்மணிகளைக் காணலாம். அறுவடைக் காலத்தில் களத்தில் குவித்திருந்த நெல்லை, மழை வருமுன் குதிரில் ஏற்றுவதற்கு இச்செயல் ஒப்பாகும்.

இவை கண்டறியப்பட்ட வரலாறு

இவ்வுண்மைகள் ஒரே நாளில் வெளிப்படவில்லை. அமெரிக்காவில் வில்லியம் டெல்ஃபர் என்னும் விஞ்ஞானி செக்ரோப்பியா என்னும் பெரிய காட்டுப் பட்டுப்பூச்சியை ஆராய்ந்தார். பெண்பூச்சியின் இரத்தத்திலுள்ள ஒரு புரதம் அவ்வாறே முட்டைக்குள் சென்று சேருகிறது என்பதை அவர் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்புரதத்தைச் செய்வது கொழுப்புறுப்பே என்பதை அவரும் அவருடன் உழைத்த இருவரும் 1969-இல் நிரூபித்து, அதற்கு விட்டெல்லோஜெனின் என்று பெயரிட்டனர். முட்டைக்கருவை உண்டாக்குவது என்பது அச்சொல்லின் பொருள்.

அதே 1969-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மன், கிரெவில் என்னும் இருவர், இறைச்சியில் முட்டையிடும் நீல ஈயின் புழுவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். முற்றிய புழுவின் இரத்தத்திலுள்ள புரதத்தில் பாதிக்கு மேற்பட்டது ஒரே வகைப் புரதமாக இருந்தது. அந்த ஈயின் சாஸ்திரப் பெயரையொட்டி அதனைக் காலிஃபோரின் என்றனர். புழு ஈயாக மாறும் காலத்தில் அப்புரதம் படிப்படியாகக் குறைந்து போயிற்று. குறைந்தது எங்கே சென்றது என்பதை அறிய, கதிரியக்கத்தால் அடையாளமிட்ட காலிஃபோரினைப் பின்னர் சோதனையில் உபயோகித்தனர். 1984-இல் வெளிவந்த அச்சோதனையின் முடிவுப்படி, அந்த அடையாளம் வளர்ந்த ஈயின் உடலில் ஓரிடத்தில் மாத்திரம் இல்லாமல் பல பாகங்களிலும் பரவிக் கிடந்தது. சேமித்த புரதம் கற்களாகப் பிரிக்கப்பட்டுப் புதிய சரீரம் முழுவதற்கும் உபயோகப்பட்டது என்பது இதனால் விளங்கிற்று.

அந்துப்பூச்சி, ஈ, வண்டு, தேனீ, கறையான் முதலிய பலவகைப் பூச்சிகளிலும் இத்தகைய புரதங்கள் காணப்பட்டன. ஆறு துண்டுகள் ஒன்றுகூடி ஒரு பெரிய அணுத்திரளாக அமைவதால் இவ்வினத்திற்கு ஹெக்ஸாமெரின் என்னும் பொதுப் பெயர் உண்டாயிற்று. நண்டு, இறால் இவற்றின் இரத்தத்தில் தாமிரம் கலந்த ஒரு புரதம் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. ஹெக்ஸாமெரின் அப்புரதத்தின் வம்சத்தைச் சேர்ந்தது. பூச்சிகளுக்குப் பிராணவாயு நுண்ணிய காற்றுக் குழாய்களின் வழியே நேரே கிடைப்பதால், பழைய சுமைவேலை பெரும்பாலும் நின்று, தாமிரமும் நீங்கி, அப்புரதம் சேமிப்பு வேலைக்கு மாறியது.

வரவுக்குரிய காலமும் செலவுக்குரிய காலமும்

சேமிக்கும் காலம் எப்பொழுது தொடங்குவது, எப்பொழுது முடிவது என்பதைப் புழுவின் உடலிலுள்ள இரண்டு சுரப்புக்கள் நிர்ணயிக்கின்றன. மூளையின் பின்புறமுள்ள ஒரு சிறு சுரப்பி இளமை ஹார்மோனைத் தருகிறது. அது மிகுந்திருக்கும் வரையில் ஒவ்வொரு தோலுரிப்பிற்குப் பின்னும் புழு புழுவாகவே இருக்கும். மார்பிலுள்ள மற்றொரு சுரப்பி தோலுரி ஹார்மோனைத் தருகிறது. ஐந்தாம் பருவத்தின் ஆரம்பத்தில் இளமை ஹார்மோன் குறைந்துவிடும். அந்தத் தடை நீங்கியவுடன் கொழுப்புறுப்பு சேமிப்புப் புரதத்தைப் பெருமளவில் செய்யத் தொடங்கும். பருவத்தின் இறுதியில் தோலுரி ஹார்மோன் உயரும். அப்பொழுது புழு இலையை வெறுத்துக் கூடு கட்டத் தொடங்கும். சேர்த்த புரதத்தைக் கொழுப்புறுப்பு உள்ளிழுப்பதும் இதன் ஏவலாலேயே. எனவே வரவுக் காலம் சில நாட்களே. அதன்பின் வரவு இல்லை, பற்று மாத்திரமே உண்டு.

இவ்விஷயத்தை அறிந்து, தாவரங்களிலிருந்து எடுத்த தோலுரி ஹார்மோனைச் சில இடங்களில் இலையின்மேல் தெளித்துக் கொடுக்கின்றனர். புழுக்கள் ஒருசேரப் பழுத்துக் கூடு கட்டுவதால் கூலியாட்களின் வேலை குறைகிறது. ஆயினும் ஒருசில புழுக்கள் தாமாகவே பழுக்கத் தொடங்கிய பின்னரே இதைக் கொடுத்தல் வேண்டும். இலைச் செலவை மிச்சப்படுத்தும் ஆசையால் முன்னதாகக் கொடுத்தால், புழு தன் சேமிப்பை முடிக்குமுன்னரே கணக்கை மூடிவிட்டது போலாகும்.

சேமிப்பு செலவாகும் விதம்

பட்டுப்புழுவின் சேமிப்புப் புரதங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஆண், பெண் இருபாற் புழுக்களிலும் சேருவது; டைரோசின் முதலிய அமினோ அமிலங்கள் அதில் மிகுதி. மற்றொன்று மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் மிகுந்தது. ஐந்தாம் பருவத்தில் இது பெண்புழுவில்தான் பெருமளவிற் சேருகிறது. பட்டு இழையோ பெரும்பாலும் கிளைசின், அலனைன், செரின் என்னும் மூன்று அமினோ அமிலங்களாலாயது. அதில் மெத்தியோனின் மிகச் சொற்பம். ஆகவே ஒரே இலையிலிருந்து ஒருவகைக் கற்கள் பட்டுச் சுரப்பிக்கும், வேறுவகைக் கற்கள் களஞ்சியத்திற்கும் ஏராளமாகச் செல்லுகின்றன. இலை குறைந்தால் இரண்டும் குறையும்.

முதற் செலவு தோலுக்கு ஆகிறது. கூட்டினுள் புழு தன் கடைசித் தோலை உரிக்கும்பொழுது கூட்டுப்புழு வெளுத்து, தொட்டால் நசுங்கும் மென்மையுடன் இருக்கும். பிறகு டைரோசினிலிருந்து உண்டாகும் பொருள்கள், தோலைப் பதனிடுவது போல, அதன் மேலுறையை இறுக்கிப் பழுப்பு நிறமாக்குகின்றன. கூடுகளை அவசரப்பட்டுப் பறிக்கலாகாது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. தோல் இறுகுமுன் பறித்தால் உள்ளே கூட்டுப்புழு நசுங்கி, கசியும் நீரால் கூடு கறைபடும். சந்தையில் விலை விழும். சந்திரிகையில் ஏற்றிய ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாளுக்குள், புழுவின் இனத்தையும் பருவத்தின் குளிர்ச்சியையும் பொறுத்துப் பறித்தல் முறை. சந்தேகம் உண்டாயின் ஒரு கூட்டை அறுத்து, உள்ளே கூட்டுப்புழுவின் தோல் பழுத்து இறுகியதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது செலவு புதிய அங்கங்களுக்கு ஆகிறது. புழுவின் உடலினுள் முன்பே சிறு அரும்புகளாக ஒடுங்கிக்கிடந்த சிறகுகள் வளருகின்றன. பறவைக்குரிய மார்புத் தசைகளைப் போன்ற தசைகள் பூச்சியின் மார்பிலும் அமைகின்றன. வேலை முடிந்த பட்டுச் சுரப்பியும், புழுவின் பழைய தசைகள் பலவும் கரைந்து, அவற்றிலிருந்த சரக்கும் இப்பணிக்கு வந்து சேருகிறது. பழையதைப் பிரித்த மரமும், களஞ்சியத்தில் இருந்த மரமும் சேர்ந்தே புதுவீடு எழுகிறது. முழு உருவம் பெற்ற பூச்சி, புரதத்தைக் கரைக்கவல்ல ஒரு நீரை வாயினின்று உமிழ்ந்து, கூட்டின் பசையை இளக்கி வெளியேறுகிறது. நூல் எடுப்பதற்குரிய கூடுகளை அதற்கு முன்பே வெப்பத்தால் பதப்படுத்திவிடுவது அதனாலேயே.

மூன்றாவது செலவு முட்டைக்கு ஆகிறது. பெண் கூட்டுப்புழுவில் சேமிப்புப் புரதம் கரையக் கரைய, விட்டெல்லோஜெனின் முதலிய கருப்புரதங்கள் முட்டைகளில் நிரம்புகின்றன. பட்டுப்பூச்சி முட்டையின் கருவிலுள்ள புரதத்தில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு விட்டெல்லோஜெனினிலிருந்து வந்ததே. எஞ்சியது வேறு இருவகைப் புரதங்களாலானது. பொரிக்கும் வரையில் முட்டைக்குள் வளரும் குஞ்சுப்புழு உண்பது இந்தக் கருவைத்தான். ஆகவே இன்று மல்பெரித் தளிரை முதன்முதல் கடிக்கும் புழுவின் உடல், அதன் தாய் கடைசி வாரத்தில் உண்ட இலையால் ஆனது எனலாம்.

கூடு கட்டிவிட்டது என்னும் ஏமாற்றம்

ஐந்தாம் பருவத்தின் நடுவில் இலை தீர்ந்துபோவது பல வீடுகளில் நேருகிறது. தோட்டத்தின் அளவுக்கு மிஞ்சி முட்டை வாங்குவது இதன் முதற்காரணம். அப்பொழுது சிலர், புழுக்கள் எப்படியும் கூடு கட்டத்தானே போகின்றன என்று ஆறுதல் கொள்ளுகின்றனர். ஒரு குறிப்பிட்ட எடையைக் கடந்துவிட்ட புழு, அதன்பின் இலை கிடையாவிட்டாலும் கூடு கட்டவே செய்யும் என்பது உண்மைதான். அதன் உள்ளிருக்கும் ஹார்மோன் கணக்கு இலைக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் அது கட்டும் கூடு சிறியதாயும் மெல்லியதாயும் இருக்கும், இழை குட்டையாகும். விதைக்கூடாயின் அதிலிருந்து வரும் பூச்சி குறைந்த முட்டையே இடும். எண்ணிக்கையிற் கூடுகள் குறையாமலிருப்பதால், நஷ்டம் தராசில் ஏறும் வரையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மல்பெரி வளர்ப்பு மிகுந்துள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு மாவட்டங்களின் குடியானவர்கள் கூட்டை எண்ணி விற்பதில்லை. எடைக்கும் தரத்திற்குமே விலை கிடைக்கிறது.

ஆதலின் இலையின் அளவைத் தோட்டத்திலேயே கணித்து, அதற்குத் தக்க முட்டைத் தொகுதிகளை வாங்குதல் முதற் கடமை. ஐந்தாம் பருவத்திற்கென ஒதுக்கிய இலையில் வேறு எதற்கும் கை வைக்கலாகாது. இலையைக் காலையிலும் மாலையிலும் குளிர்ந்த வேளையில் பறித்து, ஈரச் சாக்கினால் மூடி வாடாமல் வைத்தல் வேண்டும். வாடிய இலையைப் புழு குறைவாகவே உண்ணும். நெருக்கமான படுக்கையில் வலிய புழு உண்ண, மெலிந்தது பின்தங்கும். எனவே புழு வளர வளரப் படுக்கையை விரிவாக்குதல் அவசியம். காற்றோட்டமும் 25 பாகை சென்டிகிரேடு அளவிலான மிதமான சீதோஷ்ணமும் இப்பருவத்திற்கு ஏற்றவை.

சேமிப்பைக் கவரும் ஊசி ஈ

புழு வருந்திச் சேர்த்ததை அபகரிக்கும் சத்துரு ஒன்றும் உண்டு. ஊசி ஈ என்னும் பூச்சி, பட்டுப்புழுவின் உடல்மேல் முட்டையிடுகிறது. பொரித்த புழு தோலைத் துளைத்து உட்புகுந்து, கரும்புள்ளியை அடையாளமாக விட்டு, பட்டுப்புழுவின் இரத்தத்தையும் களஞ்சியத்தையும் தின்று வளரும். ஐந்தாம் பருவத்தின் இறுதியில் தாக்கினால் பட்டுப்புழு கூடு கட்டும். ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்து வெளிவருவதால் இழை அறுந்து நூற்புக்கு உதவாமற் போகும். வங்காளத்தில் முன்பே இருந்த இந்த ஈ, 1980-ஆம் ஆண்டில் கருநாடகத்தில் காணப்பட்டு, பின் தமிழ்நாட்டிற்கும் பரவிற்று. வளர்ப்பு மனையின் கதவு, சன்னல்களுக்கு வலையடித்தல் எளிய காப்பு. ஒரு வீட்டில் வலையடித்து, அண்டை வீட்டில் ஈயின் புழுக்களைப் பொறுக்கி அழிக்காமல் விட்டால் பயன் சொற்பமே.

பகைப் பூச்சியிடத்தும் இதே நியாயம்

பட்டுப்புழுவுக்கு உரிய இந்த நியாயம் பயிரை அழிக்கும் புழுக்களுக்கும் பொருந்தும். அவற்றுள்ளும் பெரும்பான்மை, கடைசிப் பருவத்திலேதான் இலையில் பெரும்பகுதியைத் தின்று, வருங்காலத்திற்கு வேண்டிய சத்தைச் சேர்க்கின்றன. மானாவாரி நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்பூச்சி இதற்குத் தக்க உதாரணம். கோடை கழிந்து நல்ல மழை பெய்து மண் நனைந்தவுடன் இதன் அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து கூட்டமாக வெளிவந்து இலையின் அடியில் குவியல் குவியலாக முட்டையிடுகின்றன. பொரித்த சிறுபுழுக்கள் சில நாள் ஒன்றாகக் கூடி இலையைச் சுரண்டும். வளர்ந்தபின் காடு விட்டுக் காடு படையாகச் செல்லும். முற்றியவுடன் வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டின் மழை வரையில், ஏறக்குறைய பத்து மாதம், ஆகாரமின்றி உறங்கிக் கிடக்கும். அந்தப் பத்து மாத உறக்கத்திற்கும், அதன்பின் வரும் சிறகுக்கும் முட்டைக்கும் முதற்பொருள், ஒரு பருவத்துக் கடலை இலையே.

இதனாற் பெறப்படும் பாடம் தெளிவு. முற்றிய புழுவை மருந்தடித்துக் கொல்வது, பயிர் பெரும்பாலும் அழிந்தபின் செய்யும் காரியம். மண்ணுக்குட் சென்று சேர்ந்த புழுவோ தன் சேமிப்புடன் தப்பிவிட்டது. முதல் மழைக்குப் பிந்திய இரவுகளில் விளக்குப் பொறியும் சொக்கப்பனையும் வைத்து அந்துப்பூச்சிகளை அழித்தல், முட்டைக் குவியல்களையும் கூடியிருக்கும் சிறுபுழுக்களையும் இலையோடு பறித்து அழித்தல், படையெடுக்கும் புழுக்களைத் தடுக்க நிலத்தைச் சுற்றிக் குழி வெட்டுதல், கோடையில் ஆழ உழுது கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாக்குதல் ஆகிய முறைகள் அது தன் சேமிப்பைச் சேர்க்குமுன் தடுப்பன, அல்லது சேர்த்ததைச் செலவிடுமுன் அழிப்பன. இவற்றை ஒரு குடியானவர் தனித்துச் செய்தால் பயன் குறைவு. அந்துப்பூச்சி எல்லைக்கல் பார்த்து முட்டையிடுவதில்லை. மல்பெரித் தோட்டத்திற்கு அருகில் மருந்து அடிக்க நேர்ந்தால், காற்று அடிக்கும் திசையைக் கவனித்தல் மிக அவசியம். பயிருக்கு அடித்த மருந்து மல்பெரி இலையிற் படிந்தால் பட்டுப்புழுக்கள் கூண்டோடு மாண்டுபோகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

பட்டு வளர்ப்போர் உள்ள கிராமங்களின் கூட்டுறவு சங்கங்கள் முட்டைத் தொகுதி வாங்கக் கடன் கொடுக்கும்பொழுது, மனுதாரரின் மல்பெரித் தோட்டம் எத்தனை தொகுதிக்கு இலை தரும் என்பதையும் விசாரித்துக் கொடுத்தால், கடைசி வார இலைப் பஞ்சம் பெரும்பாலும் நீங்கும். இலை மிகுந்த அங்கத்தினரும் இலை குறைந்த அங்கத்தினரும் முன்கூட்டியே விலை பேசி மாற்றிக்கொள்ளச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். ஊசி ஈக்கு வலை மொத்தமாக வாங்கிப் பங்கிடலாம். நிலக்கடலை பயிராகும் ஊர்களில், முதல் மழை பெய்த இரவே விளக்குப் பொறி வைக்க எண்ணெயும் ஆட்களும் தயாராக இருக்கும்படி, கோடையிலேயே தீர்மானம் செய்து வைக்கலாம்.

வரவு உள்ள நாளிற் சேர்த்து வைப்பவனே வரவற்ற நாளில் நிமிர்ந்து நிற்பான் என்பதைச் சங்கத்தின் அங்கத்தினர் எவரும் அறிவர். பட்டுப்புழுவுக்கு வரவுள்ள நாள் ஏழெட்டே. அந்நாட்களில் அதன் படுக்கையில் இலை குறையாமற் பார்த்துக்கொள்ளுவது வளர்ப்பவரின் பொறுப்பு.